கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லா வரியிலும் 'ஆர்': ஐசியு கிருமி யார் கொண்டுவந்தது?

கூடல்வாசி
என் தகப்பனாருக்குப் பக்கவாதம். தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். சேர்க்கும்போது காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் ஏறியது. இரத்தத்தையும் சளியையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறதாம். ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வீரியமான ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் உட்பட எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்', அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காதாம். கொலிஸ்டின் என்ற ஒன்றுக்கு மட்டும் 'ஐ'. மருந்துக்கு அடங்கும் என்பதைக் குறிக்கும் 'எஸ்' என்ற எழுத்தே காகிதத்தில் இல்லை.

டியூட்டி டாக்டரிடம் காரணம் கேட்டேன். "மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கண்டபடி விழுங்குகிறீர்கள் அல்லவா, அதன் விளைவுதான்" என்றார். அப்பா தலைவலிக்கே மாத்திரை போடாத மனிதர். அந்த 'ஐ' என்றால் என்ன? இந்தக் கிருமி அப்பாவின் உடம்பில் முன்பே இருந்ததா, ஐசியுவில் ஒட்டிக்கொண்டதா? அண்ணன் வழக்குப் போட வேண்டும் என்கிறார். எனக்கு முதலில் விஷயம் புரிய வேண்டும்.

வேப்பங்காற்று
நிலவேம்புக் குடிநீர் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கிருமியும் நிற்காது.

அகார்த்தட்டு
வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, இரத்தத்தில் கிளெப்சியெல்லா ஓடிக்கொண்டிருக்கும்போதா? வேண்டாம் ஐயா. கூடல்வாசிக்கு விரிவாக எழுதுகிறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

மாத்திரைச்சீட்டு
அதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை வைத்திருப்பவன். எங்கே எது நடந்தாலும் பழி எங்கள் தலையில் விழுகிறது. சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணை, அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சில மருந்துகளின் பட்டியல், அமலில் இருக்கிறது. அதில் வரும் மருந்தை விற்றால் எழுதிய மருத்துவர் யார், வாங்கியவர் யார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒழுங்காக எழுதுகிற கடைகளும் உண்டு. ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: மெரோபெனம் ஊசியை எந்த வீட்டில் யார் தானாகப் போட்டுக்கொள்கிறார்கள்? கொலிஸ்டினைக் கடையில் வந்து "ஒரு அட்டை கொடுங்கள்" என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த மருந்துகள் ஓடுவது ஐசியுவில்தான். அங்கே பிறந்த எதிர்ப்புக்கு என் கடையை ஏன் இழுக்கிறார்கள்?

அகார்த்தட்டு
மாத்திரைச்சீட்டு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் 'ஐ'.

அது 'இடைநிலை' என்பதன் சுருக்கம், ஆய்வகத்தின் தயக்கம் அல்ல. எங்களில் பலர் பின்பற்றும் அமெரிக்க அளவுகோலில் 2020இல் ஒரு மாற்றம் செய்தார்கள். கொலிஸ்டினுக்கு 'எஸ்' என்ற வகையையே நீக்கிவிட்டார்கள். அதன்பின் அந்த மருந்துக்கு எழுதக்கூடியவை இரண்டே எழுத்துகள், 'ஐ' அல்லது 'ஆர்'. மருந்தின் தன்மைதான் காரணம். கிருமியைக் கொல்லும் அளவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. நுரையீரலுக்குள் போதிய அளவு போய்ச் சேர்வதும் இல்லை. ஆகவே கொலிஸ்டினுக்கு வரக்கூடிய மிக நல்ல முடிவே 'ஐ' தான். ஐரோப்பிய அளவுகோலைப் பின்பற்றும் ஆய்வகம் வேறு விதமாக எழுதும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த முடிவை எந்த முறையில் எடுத்தார்கள்? மருந்து தோய்த்த வட்டு வைத்துப் பார்த்தது என்றால் கொலிஸ்டினுக்கு அது செல்லாது, அந்தப் பெரிய மூலக்கூறு கிருமி வளர்க்கும் கூழான அகாரில் சரியாகப் பரவுவதில்லை. திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் முறைதான் நம்பகமானது.

அடுத்து, சளியில் வளர்ந்ததும் இரத்தத்தில் வளர்ந்ததும் ஒன்றல்ல. தொண்டையில் குழாய் இருந்தால் சில நாட்களில் அதன் உட்சுவரில் கிருமிகள் குடியேறிவிடும். அந்தச் சளியை எடுத்து வளர்த்தால் ஏதாவது வளரத்தான் செய்யும். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை என்றால் அது வெறும் குடியிருப்பு, நோய் அல்ல. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டருக்கும் இதே கதைதான். நோயாளியைப் பார்க்காமல் ரிப்போர்ட்டுக்கு மருந்து கொடுப்பது நம் ஐசியுக்களின் தினசரிப் பாவங்களில் ஒன்று. உங்கள் தகப்பனாருக்கு இரத்தத்திலும் வந்துவிட்டது, காய்ச்சலும் இருக்கிறது. அதனால் இது உண்மையான நோய்த்தொற்று. மருந்து தேவைதான்.

பழையபஞ்சாங்கம்
எல்லாம் சரி. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்ற இந்த 'சூப்பர் பக்' கூச்சலே வெள்ளைக்காரன் கிளப்பிவிட்டது என்பது ஒருவருக்கும் நினைவில்லையா? நம் ஊருக்கு வெளிநாட்டு நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்கு வந்து குவிந்தார்கள். பொறுக்கவில்லை. ஒரு கிருமிக்குப் புதுடெல்லி என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அன்றைக்கு மத்திய அரசே கண்டித்தது.

அகார்த்தட்டு
கண்டித்தது உண்மை. பெயர் வைத்த விதத்தில் நாகரிகம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தக் கூச்சலுக்குக் காரணமான ஆய்வுக் கட்டுரையை யார் எழுதினார்கள் என்று பாருங்கள். 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்தவர். புதுடெல்லி என்ற பெயர் உண்மையில் கிருமிக்கு அல்ல, மருந்தை உடைக்கும் என்டிஎம்-1 என்ற நொதிக்கு. அந்த நொதியுடைய கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று கணக்குக் கொடுத்தார்கள். அந்த 44 கிருமிகளும் சென்னையில் கிடைத்தவை. வெள்ளைக்காரன் விமானத்தில் கொண்டுவந்து போட்டவை அல்ல. அதற்கு முன் 2008இல், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன்வாசி ஒருவரிடம் இந்த நொதியை முதலில் கண்டார்கள்.

மறுத்துக்கொண்டிருந்ததில் நாம் இழந்தது காலம்தான். டெல்லியின் குழாய்த் தண்ணீரையும் தெருவில் தேங்கிய நீரையும் எடுத்து 2011இல் இன்னோர் ஆய்வு வந்தது. தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குடிநீர் மாதிரிகள் 50இல் 2இலும் அந்த நொதிக்கான மரபணு இருந்தது. அதற்கும் மறுப்பு அறிக்கைதான் வந்தது.

2012 ஆகஸ்டில் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடிச் 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை உருவாக்கின. டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்தார். எல்லா மருந்துக்கும் ஒரே நாளில் தடை என்றெல்லாம் பேசாமல், இந்த நாட்டில் நடக்கக்கூடியதை மட்டும் கேட்டார்கள். நமக்கு வெட்கப்படவும் பெருமைப்படவும் ஒரே நகரத்தில் காரணம் இருக்கிறது.

கூடல்வாசி
ஐயா, நன்றி. அந்த நொதி எப்படி எல்லா மருந்தையும் ஒருசேர முறிக்கிறது? ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துக் கொடுத்துத்தான் எதிர்ப்பு வளரும் என்று நினைத்திருந்தேன்.

அகார்த்தட்டு
பெனிசிலின், செஃப்ட்ரியாக்ஸோன், மெரோபெனம் எல்லாம் தூரத்துச் சொந்தங்கள். மூலக்கூறின் நடுவே பீட்டா-லாக்டம் என்ற நான்கு முனை வளையம் உண்டு. அதை உடைத்தால் மருந்து செத்துவிடும். பழைய நொதிகள் பெனிசிலினை மட்டும் உடைத்தன. அடுத்து வந்தவை செஃப்ட்ரியாக்ஸோன் வகையையும் உடைத்தன. என்டிஎம் நொதி துத்தநாக அயனியின் துணையோடு மெரோபெனம் வரை உடைத்துவிடுகிறது.

இந்த நொதிக்கான மரபணு கிருமியின் முதன்மை டிஎன்ஏவில் இருப்பதைவிடப் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த வளையத்தின் நகலைக் கிளெப்சியெல்லா பக்கத்திலிருக்கும் ஈ.கோலைக்குக் கொடுக்கும். வேறு இனமாயிற்றே என்று பார்க்காது. ஒரே வளையத்தில் ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உங்கள் தகப்பனார் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவராக இருந்தாலும், எல்லா எதிர்ப்பையும் சுமந்த ஒரு கிருமி முழுதாக அவரிடம் வந்து சேர முடியும். டியூட்டி டாக்டர் சொன்னது இந்த இடத்தில்தான் இடறுகிறது.

இரவுப்பணி
ஐசியு செவிலியராகப் பல ஆண்டுகள். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. வேலை வேண்டும்.

கிருமி நடந்து வருவதில்லை. எங்கள் கையில் வருகிறது. இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே எல்லோரும் மரபணு பேசுகிறார்கள். ஐசியுவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது நெறி. இரவில் மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். முதல் படுக்கையில் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் படுக்கையில் அலாரம் அடிக்கும். இரத்த அழுத்தம் விழுகிறது. நான் ஓடுவேனா, ஆல்கஹாலைத் தேய்த்துக்கொண்டு நிற்பேனா? ஓடுவேன். கையுறை மாட்டியிருக்கிறேன் என்ற தைரியம் வேறு. அந்தக் கையுறை என்னைத்தான் காக்கிறது, இரண்டாம் படுக்கைக்காரரை அல்ல. புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரே கையுறையோடு கணினி விசை, மருந்துத் தள்ளுவண்டி, கதீட்டர் பை என்று எல்லாவற்றையும் தொடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

மருத்துவர்களும் தப்பிக்க முடியாது. காலைச் சுற்றில் பெரிய டாக்டர் ஒரு படுக்கையில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். பின்னால் கைத்தேய்ப்புப் பாட்டிலை நீட்டிக்கொண்டு நான் போக வேண்டும். சிலர் வாங்குவார்கள். சிலர் முறைப்பார்கள். எக்ஸ்ரே வண்டி, பிசியோதெரபி, துடைக்க வரும் அக்கா, எல்லோரும் எல்லாப் படுக்கைக்கும் போகிறார்கள். பிறகு கை கழுவும் தொட்டி! அதில் நோயாளியின் வாய் கொப்பளித்த நீரையும் மிஞ்சிய குளுக்கோஸையும் கொட்டுவார்கள். வடிகுழாயில் கிருமிகள் பாசி பிடித்தாற்போல் வளரும். குழாயைத் திறந்தால் தெறிக்கும்.

கூடல்வாசி தம்பி, வழக்குப் பற்றி என்னிடம் பதில் இல்லை. தினமும் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "சிறுநீர்க் கதீட்டர் இன்னும் தேவையா? கழுத்தில் போட்ட சென்ட்ரல் லைன் தேவையா?" கேட்டால்தான் எடுப்பார்கள். எடுக்க மறந்த குழாய்தான் அடுத்த காய்ச்சல். அப்பாவின் தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்த்தியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்க்கலாம். வாய் சுத்தம் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் உங்கள் கையையும் கழுவுங்கள்.

பொதுமருத்துவன்
இரவுப்பணி அவர்களுக்கு என் வணக்கம். பெரிய டாக்டர்கள் முறைப்பது உண்மைதான். ஒரு சம்பவத்தைச் சேர்க்கிறேன், தொட்டியும் குழாயும் கற்பனை அல்ல என்று தெரிவதற்காக.

அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனத்துக்கு மேரிலாந்தில் சொந்த மருத்துவமனை இருக்கிறது. பணத்துக்குப் பஞ்சமில்லை, ஆராய்ச்சியாளர்கள் அதே கட்டடத்தில். 2011 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளியை மாற்றிக்கொண்டுவந்தார்கள். அவரிடம் மெரோபெனம் வகைக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருப்பது முதல் நாளே தெரியும். தனிமைப்படுத்தினார்கள். ஜூலை நடுவில் அவர் வீடு திரும்பிவிட்டார். அப்பாடா என்று இருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் இன்னொருவரிடம் அதே கிருமி. பிறகு வாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில். மொத்தம் 18 நோயாளிகள். 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்கள் நேரடியாக அந்தக் கிருமியால். ஒவ்வொரு கிருமியின் முழு மரபணுவையும் படித்தபோது எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. தொட்டி வடிகுழாய்களில் கிடைத்தது. சுத்தம் செய்து வைத்த ஒரு வென்டிலேட்டரிலும் கிடைத்தது. சுவர் எழுப்பித் தனி ஐசியு கட்டினார்கள். வருவோர் போவோர் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆட்களை நிறுத்தினார்கள்.

அங்கேயே அப்படி என்றால் நம் ஊரில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். இஸ்ரேலைப் பாருங்கள். 2006இலிருந்து இதே வகைக் கிருமி நாடு முழுவதும் பரவியது. 2007 மார்ச்சில் சுகாதார அமைச்சகம் தலையிட்டது: கிருமி உள்ளவர்களைத் தனியே வை, அவர்களுக்கென்று தனிச் செவிலியர்களை ஒதுக்கு, தினமும் கணக்கு அனுப்பு. ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு மாதம் 55.5 பேர் என்று இருந்தது 2008 மே மாதத்தில் 11.7 ஆக இறங்கியது. புது மருந்து எதுவும் வரவில்லை. ஆள் ஒதுக்கினார்கள், அவ்வளவுதான்.

மாத்திரைச்சீட்டு
நான் சொன்னதைத்தானே இருவரும் சொல்கிறீர்கள். கடைக்காரனுக்கு விடுதலை!

அகார்த்தட்டு
பாக்கி வைத்த பாதி இதோ. ஐசியுவுக்குள் வருகிற நோயாளியின் குடலிலேயே செஃப்ட்ரியாக்ஸோன் வகையை முறிக்கும் கிருமிகள் இன்று சர்வசாதாரணம். ஆரோக்கியமான மனிதர்களிடமும் காண்கிறோம். அது வெளியே நடந்த வேலை: சளிக்கு அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு ஒஃப்லாக்சசின், கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்று. அந்தக் கடைசி ஒன்றை 2019இல்தான் தடை செய்தார்கள். இவர்களுக்குச் செஃப்ட்ரியாக்ஸோன் கேட்காது என்று தெரிந்து மருத்துவர் முதல் நாளே மெரோபெனத்தில் தொடங்குகிறார். மெரோபெனம் மற்றக் கிருமிகளைத் துடைத்தெடுத்ததும் என்டிஎம்காரன் காலி வீட்டில் குடியேறுகிறான். ஆக, ஐசியுவில் மெரோபெனம் ஓடுவதற்கு உங்கள் அசித்ரோமைசின் அட்டையும் ஒரு காரணம். விடுதலை இல்லை, ஜாமீன்தான்.

தொழிற்சாலைகளையும் விட்டுவிடக் கூடாது. ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்.

தேம்ஸ்கரை
பிரிட்டனிலிருந்து எழுதுகிறேன். அம்மா ஊருக்குப் போனபோது கீழே விழுந்து, அங்கே ஒரு மருத்துவமனையில் இடுப்பு அறுவை செய்துகொண்டு திரும்பினார். பிறகு இங்கே வேறு காரணத்துக்காகச் சேர்த்தபோது முதல் கேள்வியே "கடந்த ஓராண்டில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கினாரா" என்பதுதான். ஆம் என்றதும் தனி அறை, ஆசனவாயில் பஞ்சுக்குச்சிப் பரிசோதனை, வருபவர்கள் எல்லாம் ஏப்ரன் கட்டிக்கொண்டு. அம்மா குன்றிப்போனார். தீண்டாமை போல் நடத்துகிறார்கள் என்று அழுதார். எனக்கும் கோபம்தான். பரிசோதனையில் கிருமி இருந்தது, அவருக்கோ ஒரு தொல்லையும் இல்லை. அடுத்த அறையில் எலும்பு மஜ்ஜை மாற்றிய ஒருவர் இருந்தார். செவிலியர் அதைச் சொன்ன பிறகு அம்மாவே கதவைச் சாத்தச் சொன்னார்.

பழையபஞ்சாங்கம்
என்ன இருந்தாலும் "கோர்ஸை முடிக்காததால்தான் எதிர்ப்பு வருகிறது" என்று டாக்டர்கள் நம்மைத்தானே திட்டுகிறார்கள்.

பொதுமருத்துவன்
அந்தத் திட்டு இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. 2017இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சில நிபுணர்கள் அதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். தேவைக்கு மேல் நாட்களை நீட்டினால்தான் குடலில் உள்ள மற்றக் கிருமிகள் எதிர்ப்பைப் பழகுகின்றன. இரத்தத் தொற்றுக்கு 7 நாட்களா 14 நாட்களா என்று 7 நாடுகளில் 3,608 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2024இல் வெளியானது. 90 நாட்களில் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். குறைந்த நாட்களால் கேடில்லை என்பது தெளிவாயிற்று. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாட்களைக் குறைக்கும் முடிவு மருத்துவருடையது. காசநோய்க்கு இது அறவே பொருந்தாது.

கூடல்வாசி
அப்பாவுக்குக் கொலிஸ்டின் ஓடுகிறது, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறுகிறது. வேறு வழியே இல்லையா?

பொதுமருத்துவன்
இங்கே யாரும் மருந்து எழுதித் தரக் கூடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைத் தருகிறேன். கிருமியிடம் எந்த நொதி இருக்கிறது என்று மரபணுச் சோதனை செய்தார்களா? என்டிஎம் என்றால் செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து தனியாகப் பயன்படாது. அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை என்டிஎம்மால் உடைக்க முடியாது. கூடவே இருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும், அவற்றை அவிபாக்டம் தடுக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விலை கடுமை. "ஐயா, இந்தச் சேர்க்கை அப்பாவுக்குப் பொருந்துமா, ஆய்வகத்தில் சேர்த்துச் சோதித்துப் பார்க்க முடியுமா, தொற்றுநோய் நிபுணரிடம் ஒரு கருத்துக் கேட்கலாமா" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

மாத்திரைச்சீட்டு
நம் ஊர் மருந்து ஒன்றும் வந்திருக்கிறதே? சென்னை ஆர்ச்சிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம். அதைச் செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள்.

அகார்த்தட்டு
நல்ல மருந்துதான், பெருமைதான். அது என்டிஎம்முக்கு முந்திய படியில் இருக்கும் நொதிகளுக்கு. கூடல்வாசியின் ரிப்போர்ட்டுக்கு உதவாது. ஆனால் அதனால் மெரோபெனத்தை மிச்சப்படுத்த முடிந்தால் அதுவே பெரிய காரியம்.

தறிச்சத்தம்
இடையில் புகுகிறேன், மன்னியுங்கள். என் மாமியாருக்கும் இதே கிருமி. தேறிவிட்டார், நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிறுநீர்க் கதீட்டரோடுதான் வருகிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆபத்தா?

இரவுப்பணி
நல்ல உடம்போடு இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை அம்மா. கிருமி மாமியாரின் குடலில் மாதக்கணக்கில் இருக்கலாம். அதை விரட்ட மாத்திரை கிடையாது, யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கதீட்டர் பையைக் காலி செய்த பின்பும், மலம் கழுவிவிட்ட பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அவருக்குத் தனித் துண்டு போதும், தனித் தட்டு எல்லாம் வேண்டாம். குழந்தையைக் கொஞ்சலாம், அவரும் கையைக் கழுவிவிட்டு. கதீட்டரை எப்போது எடுப்பார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதி வாங்குங்கள். அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைப் பத்திரமாக வைத்திருந்து, இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

தறிச்சத்தம்
அங்கேதான் பயம். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிக் காட்டியதும் "படுக்கை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறைத்துவிட்டால் என்ன என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

இரவுப்பணி
நடக்கிறது. தனி அறை இல்லாத இடங்களில் தட்டிக்கழிக்கிறார்கள். அது அநியாயம். ஆனால் மறைத்தால் நஷ்டம் மாமியாருக்குத்தான்: முதல் இரண்டு நாட்கள் கேட்காத மருந்தையே ஏற்றிக்கொண்டிருப்பார்கள், இரத்தத் தொற்றில் அந்த இரண்டு நாட்கள் மிக முக்கியம். வரவேற்பு மேசையில் சொல்ல வேண்டாம். அங்கே இருப்பவருக்கு அந்தக் காகிதத்தில் 'ஆர்' என்பதைத் தவிர ஒன்றும் புரியாது, பயந்துவிடுவார். அவசரப் பிரிவு மருத்துவர் பரிசோதிக்க வந்ததும், முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால், அவர் கையில் நேராகக் கொடுங்கள்.